நாற்பத்தொரு தொன் பதினாறு அந்தர்

கொட்டகை இல்லை, காசும் இல்லை.
இருந்தால் அதில் ஒரே ஒரு என்ஜின்தான் என்ற விதி மட்டும்
போன மாசிப் போயாவிலிருந்து இருக்கிறது.

மட்டக்களப்பு ஸ்டேசனில் மேடை முடிந்து
புல் தொடங்கும் இடத்து வாங்கு.
காலைக் கோச்சி போய்விட்டால் அது எங்களுக்கு.
எதிரே, என்ஜினுக்குத் தண்ணி வார்த்த இரும்புக் குழாய்
கழுத்தை வளைத்தபடி நிற்கிறது.
அதன் கீழே ஓர் ஆடு.

அந்திராதோ கேட்பது இரவுத் தபாலை இழுத்ததை.
ஆள் உயரச் சில்லு, மூன்று சோடி.
"மன்னம்பிட்டிப் பாலத்தில ஏறக்குள்ள
உள்ளுக்குப் படுத்துக் கிடக்கிறவனுக்கும் தெரியும்
இழுக்கிறது ஆரெண்டு."

"வடிவுக்கு வைக்கிறதெண்டால் படம் போதும்கா."
ஆதம்பாவாவுக்கு மலைநாட்டு இரட்டை என்ஜின்:
நடுவில் கொதிகலன், இரு பக்கமும் சில்லுக் கூட்டம்,
முன் எது பின் எது என்று அதற்கே தெரியாது.
ஏறாவூரிலிருந்து அரிசி கொண்டுபோன வருடம்
நானுஓயாவில் ஒரே ஒரு தரம் கண்டாராம்.
"இந்தப் பக்கம் வராத சாமானுக்கு
இந்தப் பக்கம் கொட்டகையா?"
"நிலாவும்தான் இஞ்ச இறங்கல்ல.
அதுக்கு லீவு எடுத்திட்டு வந்திருக்கீங்க."

வேலாப்போடிக்கு வடிவும் வேண்டாம், பலமும் வேண்டாம்.
எழுபத்தெட்டுச் சூறாவளி கழிந்து
தென்னை விழுந்த பாதையில் முதல் வந்தது எதுவோ, அது.
புகையைக் கண்டு சனம் அழுததாம்.
"வந்தது என்ஜின் இல்ல," என்றார் அன்னரெத்தினம்.
"முன்னுக்குக் கோடரியோட நடந்து வந்த ஆக்கள்.
அவங்களில ஒருத்தனுக்குக் கொட்டகை போடுவீங்களா?"
வேலாப்போடி பிளேன்ரீயை ஆற்றினார்,
அது ஆறி வெகுநேரம் ஆன பிறகும்.

அன்னரெத்தினம்
வாழைச்சேனைக் காகித ஆலையில் வாகன் கணக்கு எழுதியவர்.
அவருடையது பெயரில்லாத குட்டி.
நெருப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு
நாள் முழுக்க வைக்கோலோடு பழக்கம்.
புகைவாய்க்கு வலை போட்டிருந்தும்
இரண்டு வாகன் எரிந்தது.
அதையும் மறைக்காமல் சொல்வார்.
"பிழை விட்டதைத்தான் வைக்கோணும்.
மற்றதுகளுக்குக் கதைக்க ஆக்கள் இருக்கு."

ஆறு போயாவாய் வடை வாங்கி வருகிறவன் நான்.
எதையும் கேட்டதில்லை.
இன்றைக்கு, "உனக்கு எதுகா?" என்றபோது
சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்து வைத்தேன்.

அப்பா பழைய இரும்பு எடுத்தவர்.
மூன்று பேர், ஒரு காஸ் வெட்டி, பன்னிரண்டு நாள்.
இந்தப் புல்லுக்கு அப்பால்தான்.
கொதிகலனைப் பிளந்தபோது உள்ளே சுண்ணாம்பு
இறால் ஓடு போல உரிந்து வந்ததாம்.
எந்த என்ஜின் என்று கேட்டால்
"கறுத்தது" என்பார்.
துண்டிலும் இலக்கம் இல்லை.
பழைய இரும்பு, நாற்பத்தொரு தொன் பதினாறு அந்தர்.
கீழே ஊதா மையில் யாரோ ஒருவரின் கையெழுத்து.

திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.
ஆடு மெல்லுவது கேட்டது.
பிறகு அந்திராதோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
"செம்பும் பித்தளையும் முதலே கழற்றியிருப்பாங்க.
கரி வண்டி வேற நிறுவை. அப்ப, இது என்ட."
"பாதியை மட்டும் தராசில வைச்சா என்டயும் இவ்வளவுதான்."
"அதுதான் இந்தப் பக்கமே வரல்லையே!"
"வெட்டக் கொண்டு வந்திருப்பாங்க."
அன்னரெத்தினம் உள்ளங்கையில் பேனையால் கழித்தார்:
குட்டி இருபத்துமூன்று,
மிச்சம் ஆலைக்குள் கிடந்த தண்டவாளம்.
வேலாப்போடி திகதியைத் தேடினார்.
திகதி இருந்த மூலையைக் கிழித்து
அம்மா எப்போதோ மருந்துத்தூள் மடித்திருக்கிறாள்.

பின்னேரக் கோச்சி வந்து
சனத்தை இறக்கிவிட்டு உறுமிக்கொண்டு நின்றது.
ஒருவரும் திரும்பவில்லை.
சில்லைக் கழற்றி நிறுத்தாங்களா,
சில்லோடு சேர்த்து நிறுத்தாங்களா
என்பதில் இன்னும் முடிவில்லை.

துண்டையும் இன்னும் திருப்பித் தரவில்லை.